சபைக்குள் சாதி, இனம், ஒற்றுமை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபையில் பதினெட்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் வாலிபர் வகுப்பு எடுக்கிறேன். இங்கே இருக்கிற கேள்விகள் எல்லாம் அந்த வகுப்பிலும், வகுப்பு முடிந்து வாசலில் நின்று பேசும்போதும், சில நேரம் ராத்திரி பத்து மணிக்குப் போனிலும் என்னிடம் கேட்கப்பட்டவை. நான் நாடார் குடும்பத்தில் பிறந்தவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளில் எண்ணிக்கையிலும் பதவியிலும் முன்னால் நிற்பது எங்கள் ஆட்கள்தான், அதனால் இந்தக் கேள்விகளில் பாதி எங்களைப் பார்த்துக் கேட்க வேண்டியவை.

இனம், நிறம் எல்லாம் அமெரிக்கா, ஆப்பிரிக்கா பிரச்சினை. அதை ஏன் நம்ம ஊர் சாதியோடு முடிச்சுப் போடுகிறீர்கள்?

முடிச்சை நான் போடவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் இந்தியா வந்தபோது நம் கன்னியாகுமரிக்கும் வந்தார், பக்கத்தில் திருவனந்தபுரத்துக்கும் போனார். அங்கே ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று சொல்லிவிட்டார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் தன் ஊரில் தன் மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஒத்துக்கொண்டார். 1965-ல் ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார்.

இனமும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இங்கே நிறத்தை வைத்து யாரையும் பிரிக்க முடியாது, அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் கேட்டுத்தான் பிரிக்கிறார்கள். ஆனால் சபைக்கு முன்னால் வருகிற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: பிறப்பை வைத்து ஒருவரோடு நற்கருணையோ, சம்பந்தமோ, கல்லறையோ பகிர மாட்டேன் என்று சொல்கிறவர் விசுவாசிக்கிற சுவிசேஷம் எது?

பைபிளிலேயே "ஜாதி" என்று இருக்கிறதே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் தமிழ் மாதிரி நம் நாட்டு மொழிகளில்தான் இதைக் கேட்க முடியும். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று மத்தேயு 28-ல் வாசிக்கிறோம், "பரிசுத்த ஜாதி" என்று 1 பேதுரு 2-ல் வாசிக்கிறோம். அங்கே கிரேக்கத்தில் இருப்பது எத்னோஸ் என்ற சொல். ஒரு மொழி, ஒரு நாடு, ஒரு மரபு என்று சேர்ந்து வாழும் மக்கள் கூட்டம் என்று பொருள். பழைய மொழிபெயர்ப்பு வந்த காலத்தில் ஜாதி என்ற சொல்லுக்கு "மனுஷ ஜாதி" என்கிற மாதிரி அகலமான பொருளும் இருந்தது, அந்தப் பொருளில்தான் அதை வைத்தார்கள். மேல், கீழ் என்று அடுக்குகிற சாதிக்கு எத்னோஸில் இடம் இல்லை. அதே பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர் 17:26-ஐப் பாருங்கள்: "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி". ஒரே இரத்தம்! அந்த வசனத்தை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து "நம்ம ரத்தம்" என்று பேசுகிறோம்.

பேதுருவின் "பரிசுத்த ஜாதி" இன்னும் ஒரு படி போகிறது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த, ஒருவரோடொருவர் எந்த உறவும் இல்லாத மக்களைச் சேர்த்து, இனிமேல் உங்கள் ஜாதி இதுதான் என்று சொல்கிற வாக்கியம் அது. ஞானஸ்நானம் எடுத்தவருக்குப் பழைய ஜாதியும் வேண்டும், இந்த ஜாதியும் வேண்டும் என்றால் இரண்டில் எது அவர் கல்யாணத்தை முடிவு செய்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

"யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்கிற கலாத்தியர் 3:28 ஆவிக்குரிய ஒற்றுமையைத்தானே சொல்கிறது? "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்றும்தான் இருக்கிறது, அதற்காக ஆண் பெண் இல்லாமலா போய்விட்டார்கள்?

போகவில்லை, சரிதான். யூதன் யூதனாகவே இருந்தான், கிரேக்கன் கிரேக்கனாகவே இருந்தான். பவுல் வித்தியாசத்தை அழிக்கவில்லை, வித்தியாசத்தை வைத்துப் பந்தியைப் பிரிப்பதைத்தான் அழித்தார். இது என் ஊகம் கிடையாது, அதே நிருபத்தில் ஒரு அதிகாரம் முன்னால் போய் இரண்டாம் அதிகாரத்தை வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகினார். யாரையும் திட்டவில்லை, யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை, பேசாமல் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும், கடைசியில் பர்னபாவும்கூட விலகினார்கள். பவுல் பேதுருவை எல்லார் முன்னிலும் நிறுத்திக் கேட்டார். என்ன சொல்லிக் கேட்டார் என்பதுதான் முக்கியம். மரியாதைக் குறைவு என்று சொல்லவில்லை, அன்பு போதாது என்றும் சொல்லவில்லை, "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாததை" கண்டேன் என்கிறார். ஒரு சாப்பாட்டுப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்ததற்கு சுவிசேஷத்தின் சத்தியமே குறுக்கே வந்து நிற்கிறது. ஆவிக்குரிய ஒற்றுமை போதும் என்றால் பவுலுக்கு அங்கே என்ன வேலை? பேதுரு அவர்களுடைய இரட்சிப்பை மறுக்கவே இல்லையே.

நான் இதை வாசிக்கும்போதெல்லாம் என் பதினான்காம் வயதில் பார்த்த ஒரு அசனம், அதாவது சபை விருந்து, ஞாபகத்துக்கு வரும். சபையின் பேர் வேண்டாம். பெரிய வார்ப்பில் சாம்பார் கொதிக்கிறது, பந்தி பந்தியாக இலை போடுகிறார்கள், என் வேலை தண்ணீர் ஊற்றுவது. முதல் மூன்று பந்தியிலும் எங்கள் சொந்தக்காரர்கள். சபைக்குத் தெற்கே குடியிருந்த ஏழெட்டு சாம்பவர் (பட்டியல் சாதி) குடும்பங்கள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் அரிசி கொடுத்தவர்கள்தான், அந்த வருடப் பாடகர் குழுவில் நன்றாகப் பாடின அக்கா அந்த வீட்டுப் பிள்ளைதான். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். கடைசியில் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

நோவாவின் மகன் காமின் சாபத்தால்தான் சிலர் அடிமைகள் ஆனார்கள் என்கிறார்களே?

ஆதியாகமம் 9-ஐத் திறந்து பாருங்கள். காம் சபிக்கப்படவே இல்லை, நோவா சபித்தது காமின் மகன் கானானை. அதுவும் கடவுள் சொன்ன சாபம் இல்லை, குடித்து விழுந்து எழுந்த ஒரு தகப்பன் சொன்னது. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை அதற்குள் ஏற்றினார்கள். அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில் 1845-ல் தனியாகப் பிரிந்த தென் பாப்திஸ்து சபைகள், தாங்கள் செய்தது பாவம் என்று 1995-ல் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டன. நூற்றைம்பது வருடம் ஆயிற்று.

ஒரே சமுதாயமாக இருந்தால் சுவிசேஷம் வேகமாகப் பரவும், அந்தச் சபை நிலைக்கும் என்று மிஷன் படிப்பிலேயே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். சொன்னவர் டொனால்ட் மக்கவரன், இந்தியாவில் பிறந்து மத்திய இந்தியாவில் பல வருடம் ஊழியம் செய்த அமெரிக்கர். இனம், மொழி, வர்க்கம் என்ற தடைகளைத் தாண்டாமல் கிறிஸ்தவராவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்பது அவருடைய வாதம். மத்தேயு 28-ல் வரும் அந்த எத்னோஸுக்குள் நம் சாதிகளையும் அவர் அடக்கினார். அவருக்கு எதிராக லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த ரெனே பதில்லா போன்றவர்கள் நின்றார்கள்: புதிய ஏற்பாட்டு சபை வளர்ந்ததே அந்தத் தடைகளைத் தாண்டித்தான், தாண்டாத சபைக்கு எண்ணிக்கை கூடலாம், சாட்சி கூடாது என்றார்கள். 1977-ல் அமெரிக்காவின் பசடீனாவில், உலக அளவில் சுவிசேஷப் பணிக்காகச் சேர்ந்த லொசேன் இயக்கத்தார் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரே சமுதாயத்தார் கூடும் சபையும் உண்மையான சபையாக இருக்கலாம், ஆனால் அது தனக்குள்ளேயே முழுமையடைந்துவிட முடியாது என்பதில் வந்து நின்றார்கள்.

மக்கவரன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார் என்று நான் நம்புகிறேன். நம் மாவட்டத்தைப் பாருங்கள், 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேரில் 46.8 சதவீதம் கிறிஸ்தவர்கள். இது ஒவ்வொருவராக மனம்மாறி வந்த கணக்கு இல்லை, குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக வந்தார்கள். கடற்கரையில் 1544-ல் சவேரியார் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினாரே, அதுவும் சமுதாயமாக வந்ததுதான். ஆனால் வந்த வழி வேறு, வந்த பிறகு வாழ்கிற வீடு வேறு. உள்ளே வந்து இருநூறு வருடம் ஆன பிறகும் எந்தச் சபை என்று சொன்னால் எந்தச் சமுதாயம் என்று பாதி ஊகித்துவிடலாம் என்றால், வாசல்படியிலேயே குடித்தனம் நடத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் களியக்காவிளைப் பக்கம் மலையாள ஆராதனை தனியாக நடக்கிறதே, அதுவும் தப்பா?

தப்பில்லை. நம் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, மலையாளத்தில் ஜெபித்துப் பழகிய வீடுகள் உண்டு. மலையாளம் எனக்குத் தெரியாவிட்டாலும் அங்கே போய் உட்காரலாம், கற்றுக்கொள்ளலாம், பத்து வருடத்தில் பாட்டுக்கூடப் பாடலாம். மொழியைக் கற்று உள்ளே வர முடியும். சாதியைக் கற்று உள்ளே வர முடியாது, பிறந்திருக்க வேண்டும். வெளிப்படுத்தல் 7-ல் யோவான் பார்த்த திரளான கூட்டத்தில் பாஷைகள் அப்படியே இருக்கின்றன, எல்லாரும் ஒரே சிங்காசனத்துக்கு முன்னால் நிற்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க சபைகளை ஏன் அடிக்கடி இழுக்கிறீர்கள்?

ஏனென்றால் அங்கே எப்படி ஆரம்பித்தது என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும். டச்சு சீர்திருத்த சபையின் மன்றம் 1829-ல், நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று சரியாக முடிவெடுத்தது. 1857-ல் அதே சபை "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனித்தனியாகக் கூடுவதை அனுமதித்தது. பலவீனம் யாருக்கு? கறுப்பர்களோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க முடியாத வெள்ளையர்களுக்கு. வேதப்படி ஒன்றாயிருப்பதுதான் நல்லது என்று அப்போதும் ஒத்துக்கொண்டார்கள், ஆனாலும் விட்டுக்கொடுத்தார்கள். 1881-ல் கலப்பினத்தாருக்குத் தனி மிஷன் சபை. அதன் பிறகு, தனித்தனியாக இருப்பதே கடவுளின் சித்தம் என்று வேதம் காட்டினார்கள். பலவீனத்துக்குக் கொடுத்த சலுகை கொள்கையாகி, நாட்டுக்கே சட்டமாயிற்று.

1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை இறையியல்படி நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது. சமூகத் தீமை என்று சொல்லி நிறுத்தவில்லை, வேதப்புரட்டு என்றது. நம் தென்னிந்திய திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் இருந்ததுதான். அதே வருடம் அந்த மிஷன் சபை, கேப் டவுன் பக்கத்தில் பெல்ஹார் என்ற இடத்தில், ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் வைத்து ஒரு விசுவாச அறிக்கையை எழுதியது, 1986-ல் அதை ஏற்றுக்கொண்டது. சபையின் ஒற்றுமை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

இப்போது நான் கேட்கிறேன். அங்கே நிறத்துக்குச் சொன்னதை இங்கே சாதிக்குச் சொல்ல நமக்கு என்ன தடை? "நாங்கள் மனதில் ஒன்றுமில்லாமல்தான் இருக்கிறோம், பெரியவர்கள் வருத்தப்படுவார்களே" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதற்கும் 1857-க்கும் என்ன வித்தியாசம்?

நாமும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே? தோள்சீலைக்குப் போராடியவர்கள் நாம்.

ஆமாம். அதைப் பெருமையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பெண்கள் மேலாடை போட்டதற்காகச் சந்தையில் துணியைக் கிழித்தார்கள், ஆராதனைக் கூடங்களைக் கொளுத்தினார்கள், கடைசியில் 1859 ஜூலை 26-ல், உடுத்தலாம் என்று திருவிதாங்கூர் ராஜாவின் பிரகடனம் வந்தது. அந்தப் பிரகடனத்திலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நீயும் உடுத்திக்கொள், ஆனால் எனக்குச் சமமாக உடுத்தாதே. அந்த வாக்கியத்தின் வலி தெரிந்த வீட்டில் பிறந்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் சீர்திருத்த சபை யாரால் வந்தது? மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு ஞானஸ்நானம் பெற்று, ஊருக்குத் திரும்பி வந்து, மிஷனரி வேண்டும் என்று கேட்டு அழைத்தவர். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார், 1809-ல் கோயில் கட்டினார்கள். ரிங்கல்தௌபே 1816-ல் போன பிறகு, 1818-ல் மிஷனரி மீட் ஐயர் வரும்வரை சபைகளைக் கவனித்தவரும் வேதமாணிக்கம்தான். நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் அவர் திறந்து வைத்த கதவு வழியாக வந்தவர்கள். அதே மீட் ஐயர் 1850களில் பறையர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண்ணைத் திருமணம் செய்ததும், சாதியை எதிர்த்துப் பேசிய மிஷனுக்குள்ளேயே அது பெரிய பிரச்சினையாகி அவர் மிஷனை விட்டு விலக வேண்டி வந்தது. பிரசங்கத்துக்கும் சம்பந்தத்துக்கும் நடுவே உள்ள அந்தத் தூரம் இன்றும் குறையவில்லை.

கத்தோலிக்க சபையில் எப்படி?

காவல்கிணறு தாண்டினால் வடக்கன்குளம், இப்போது திருநெல்வேலி மாவட்டம். 1872-ல் அங்கே கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு கால். ஒரு பக்கம் வேளாளர், இன்னொரு பக்கம் நாடாரும் மற்றவர்களும், நடுவே பிரிப்பு, பலிபீடம் மட்டும் பொது. 1910 வாக்கில் கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று எபேசியர் 2:14-ல் இருக்கிறதே, அதை ஒரு குருவானவர் கடப்பாரையால் வாசித்தார்.

அதே வடக்கன்குளத்தில்தான் நட்டாலத்து நீலகண்டபிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். மனிதர் எல்லாரும் சமம் என்று சொன்னார், தாழ்த்தப்பட்டவர்களோடு பழகினார், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது வாடிகன் அவர் பெயரிலிருந்து "பிள்ளை"யை எடுத்துவிட்டது. சிலருக்கு வருத்தம், வரலாற்றை மாற்றுகிறார்கள் என்றார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் பிள்ளை இருக்கட்டும். பலிபீடத்தில் வைக்கிற பெயரில் எதற்கு?

சாதியைப் பற்றிப் பேசப் பேசத்தான் அது வளரும். பேசாமல் விட்டால் தானாகப் போய்விடாதா?

எங்கள் சபையில் அதைத்தான் செய்து பார்த்தோம், போகவில்லை. பேசாமல் இருப்பது மேலே இருப்பவர்களுக்கு வசதி. 1980களில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு அடித்தளம் போட்டபோது உபாகமம் 26-ஐ எடுத்தார்: "என் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியா தேசத்தானாயிருந்தான்". முதற்பலனைக் கொண்டுவந்து வைக்கிற இஸ்ரவேலன் கடவுளுக்கு முன்னால் தன் பழைய இழிவைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். தலித் கிறிஸ்தவர் தன் கதையைச் சபையில் சொன்னால் பிரிவினை என்கிறோம், இஸ்ரவேலன் சொன்னால் விசுவாச அறிக்கை என்கிறோம். அப்போஸ்தலர் 6-ல் எங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் வாயை மூடச் சொல்லவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்.

சான்றிதழில் இந்து என்று வைத்துக்கொண்டு சபைக்கு வருகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் அல்லவா?

கல்லெறிவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும், 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகிற பறையர், சாம்பவர் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. போகவில்லை என்பதை அவருக்கு நாம்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம். படிப்பா பெயரா என்று ஒரு தாய் தன் பிள்ளைக்காகத் தேர்ந்தெடுக்கிற நிலையில் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வராது.

கமிட்டியில் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

அசனத்தில் பந்தி வரிசையை ஊர் பார்த்து, சொந்தம் பார்த்து விடாதீர்கள், ஆராதனை முடிந்து வெளியே வருகிற வரிசையிலேயே உட்கார வையுங்கள். பரிமாறுகிறவர்களில் எல்லா வீட்டாரும் இருக்கட்டும், சமையலிலும் இருக்கட்டும், முக்கியமாகச் சமையலில். கல்லறைத் தோட்டத்தில் இது எங்கள் பகுதி, அது அவர்கள் பகுதி என்று இருந்தால் அடுத்த அடக்கத்திலிருந்து வரிசைப்படி குழி என்று தீர்மானம் எழுதுங்கள். சண்டை வரும். தேர்தல் நேரத்தில் சமுதாயக் கூட்டம் போட்டு ஆள் நிறுத்துகிறவர்களுக்கு ஓட்டுப் போடாதீர்கள், அவர் உங்கள் மைத்துனராக இருந்தாலும்.

நான் வேறு சமுதாயத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். இரண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் எடுத்தவர்கள். வீட்டில் சம்மதம் இல்லை. சபையில் நடத்தி வைப்பார்களா?

தம்பி, இந்தக் கேள்வியை நேராகக் கேட்டதற்கு நன்றி. ஓலை வாசிக்கும்போது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்கிறார் அல்லவா, அந்தத் தடை என்பது வயது, ஏற்கெனவே ஆன கல்யாணம், கட்டக் கூடாத இரத்த உறவு இப்படிப்பட்டவை. சாதி வேறு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. போதகர் தயங்கினால் கோபப்படாமல் போய் உட்கார்ந்து கேளுங்கள், இரண்டாம் தடவையும் கேளுங்கள், உங்கள் சேகரத்தில் ஒரு பெரியவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் பேசுவதை நிறுத்தாதே, அவர்கள் பயப்படுவது அனேகமாகச் சொந்தக்காரர்களைப் பார்த்துத்தான், உன் பெண்ணைப் பார்த்து இல்லை. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல், நானும் என் வீட்டுக்காரியும் வருகிறோம். சனிக்கிழமை என்றால் நல்லது, மற்ற நாள் என்றால் லீவு போட்டுக்கொள்கிறேன்.